கரிக்கிறதா?

சித்திரை மாதத்தில் ஒரு மதியம் ஊரிலிருந்து தம்பி பேசினான். குழாய் இறக்குகிறவர் வந்து திண்ணையில் உட்கார்ந்திருக்கிறாராம். முப்பது அடி போனாலே போதும் என்கிறாராம். செலவை நாம் பாதிப் பாதியாகப் போட்டுக்கொள்ளலாம் என்றான். "ஒரு வார்த்தை சொல்லுங்கள் அண்ணே, நாளைக்கே வண்டியை வரச் சொல்லிவிடுகிறேன்." வேறு ஊராக இருந்திருந்தால் இதற்குப் பதில் சொல்ல ஒரு நிமிடம் ஆகியிருக்காது. நிலம் வைத்திருக்கிறவன் தண்ணீருக்குக் குழாய் இறக்குகிறான், இதில் யோசிக்க என்ன இருக்கிறது? ஆனால் நான், "அப்பா என்ன சொல்கிறார்?" என்று கேட்டேன். "அவர் வாயே திறக்கவில்லை. உங்களைக் கேட்கச் சொன்னார்" என்றான். நாளைக்குச் சொல்கிறேன் என்று போனை வைத்தவன், இரண்டு வாரம் சொல்லவில்லை. அந்த இரண்டு வாரமும் சென்னையில் என் வீட்டுக் குழாயைத் திறக்கும்போதெல்லாம் தம்பியின் குரல் கேட்டுக்கொண்டிருந்தது. அதை எழுதினாலாவது ஒரு முடிவுக்கு வருவேனா என்றுதான் இதை எழுதுகிறேன்.

எங்கள் ஊர் வேதாரண்யத்துக்கு வடக்கே, புஷ்பவனம் பக்கம். கிழக்கே நடந்தால் சவுக்குத் தோப்பு, அதைத் தாண்டினால் அடம்பங்கொடி படர்ந்த மணல்மேடு, மேட்டில் ஏறி நின்றால் கடல். கடலுக்கும் எங்கள் கொல்லைக்கும் நடுவில் அரைக் கிலோமீட்டர்கூட இராது. கொண்டல் காற்று அடிக்கும் நாட்களில் காயப் போட்ட துணி உப்புப் பிசுக்கோடு விறைத்துக்கொள்ளும். இதைச் சொன்னதும் சென்னையில் கேட்கிற அடுத்த கேள்வி, "அப்படியென்றால் நீங்கள் மீன்பிடிக்கிறவர்களா?" என்பதுதான். எங்கள் வீட்டில் யாரும் படகேறியதில்லை. அப்பாவுக்கு நீச்சல்கூடத் தெரியாது. மீன் எங்களுக்கும் கூடையில்தான் வந்தது. கொண்டுவரும் அம்மாளுக்கு அம்மா சில நாள் காசு கொடுப்பார், சில நாள் தேங்காயோ மாங்காயோ கொடுப்பார். கடலின் இரைச்சலைக் கேட்டுக்கொண்டே, கடலுக்கு முதுகைக் காட்டியபடி, மணலில் மாவும் தென்னையும் கடலையும் முல்லையும் புகையிலையும் வளர்த்த ஜனங்கள் நாங்கள். கடற்கரை என்றதும் வலையும் படகும் மட்டுமே நினைவுக்கு வருகிறவர்களுக்கு எங்களை எந்த வரிசையில் வைப்பது என்று தெரிவதில்லை. சுனாமிக்குப் பிறகு உதவி கொண்டுவந்த நல்ல மனிதர்கள் சிலரும் முதலில் படகு எத்தனை போயிற்று என்றுதான் எங்களிடம் கேட்டார்கள்.

வேதாரண்யம் வட்டாரத்தின் ஊர்ப்பெயர்களை வரிசையாகச் சொல்லிப் பாருங்கள்: கத்தரிப்புலம், கருப்பம்புலம், ஆயக்காரன்புலம், செட்டிப்புலம், குரவப்புலம், கள்ளிமேடு, வாய்மேடு. புலமும் மேடுமாகத்தான் இந்த மண் இருக்கிறது. கடல் கொஞ்சம் கொஞ்சமாகப் பின்வாங்கியபோது விட்டுச்சென்ற மணல் வரிகள் ஒன்றன்பின் ஒன்றாக, நடுநடுவே தாழ்ந்த பள்ளங்களோடு கிடக்கின்றன. காவிரி எங்கள் பக்கம் வந்து சேரும்போது அநேகமாகப் பெயரளவில்தான் இருக்கும். மேட்டு மணலுக்கு அதுவும் ஏறாது. எங்களுக்கு வாய்த்த ஆறு, ஐப்பசியிலும் கார்த்திகையிலும் வானத்திலிருந்து இறங்குவது மட்டும்தான். அந்த மழையை மணல் அப்படியே குடித்து, தனக்குள் வைத்துக்கொண்டு, பங்குனி சித்திரையில் குட்டையின் பக்கவாட்டில் கசியவிடும்.

குட்டை என்று நாங்கள் சொல்வது பெரிய குளத்தை அல்ல. கொல்லையின் தாழ்ந்த மூலையில் ஏழு எட்டு அடி ஆழத்துக்குச் சரிவாகத் தோண்டிய பள்ளம், அவ்வளவுதான். ஒரு பக்கம் இறங்கி ஏறுவதற்கு மணல் சரிவாகவே விட்டிருப்பார்கள். சரியாமல் இருக்கப் பனைமட்டை பதித்திருக்கும். கோடையில் காலையில் இறங்கிப் பார்த்தால் முழங்கால் அளவுக்குத் தெளிந்த தண்ணீர் நிற்கும். இரண்டு கையிலும் குடத்தை மொண்டு மேலேறி, ஒவ்வொரு செடியின் தூரிலும் ஊற்ற வேண்டும். மணல் என்பதால் வாய்க்கால் வெட்டிப் பாய்ச்ச முடியாது, பத்தடி போவதற்குள் தண்ணீர் உள்ளே போய்விடும். நூறு குடம் மொண்டால் குட்டை கலங்கும். பிறகு விட்டுவிட்டு மதியத்துக்கு மேல் வந்தால் மறுபடி ஊறியிருக்கும். ஊறும் வரை காத்திருப்பது எங்கள் விவசாயத்தில் ஒரு வேலை. அப்பாயி அந்த நேரத்தில் பூவரச மரத்தடியில் உட்கார்ந்து வெற்றிலை போடுவார். மேலே ஏறிய குடத்திலிருந்து ஒரு கை அள்ளி வாயில் விட்டுப் பார்த்துவிட்டுத்தான் முதல் செடிக்கு ஊற்றுவார். "கரிக்கிறதா ஆத்தா?" என்று அம்மா கீழேயிருந்து கேட்பார். "இல்லை, ஊற்று" என்பார் அப்பாயி. நான் சிறுவனாக இருந்தபோது தினம் கேட்ட உரையாடல் இது. கேள்வியும் மாறியதில்லை, பதிலும் மாறியதில்லை. அதனால் அதை நான் ஒரு வழக்கம் என்று மட்டும் நினைத்திருந்தேன்.

கல்லூரியில் சேர்ந்த பிறகுதான் அதற்குப் பின்னால் ஒரு கணக்கு இருப்பதைப் படித்தேன். கடலோர மணலுக்கு அடியில் உப்புத் தண்ணீர் எப்போதும் இருக்கிறது. மழையில் இறங்கிய நல்ல தண்ணீர் எடை குறைவு என்பதால் அதன்மேல் மிதக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் டச்சு நாட்டுக் கைபனும், அடுத்து ஜெர்மனியின் ஹெர்ட்ஸ்பெர்க்கும் இதைத் தனித்தனியே கணக்கிட்டுச் சொன்னார்கள். கடல்நீர் நல்ல தண்ணீரைவிட நாற்பதில் ஒரு பங்கு கனம் அதிகம். அதனால் கடல்மட்டத்துக்கு மேலே ஓர் அடி நல்ல தண்ணீர் நின்றால், கீழே நாற்பது அடி வரை அது உப்பை அழுத்தி வைத்திருக்கும். கேட்க நன்றாக இருக்கிறது; நாற்பது அடி நல்ல தண்ணீர்! ஆனால் இதைத் திருப்பிப் படித்தால் வயிறு கலங்கும். மேலே ஓர் அடி இறங்கினால், கீழிருந்து உப்பு காலப்போக்கில் நாற்பது அடி ஏற இடம் கிடைக்கிறது. ஏட்டுக் கணக்கு அப்படியே மண்ணில் நடக்காது என்பது தெரியும், மண்ணின் தன்மைக்கு ஏற்றபடி கூடும் குறையும். ஆனால் திசை அதுதான். குடத்தால் மேலாக மொள்ளும்போது நீங்கள் எடுப்பது மிதக்கிற தண்ணீரின் ஆடையை. குழாயை ஆழத்தில் இறக்கி மோட்டாரை மணிக்கணக்கில் ஓட்டும்போது கீழிருக்கும் உப்பை அந்த இடத்தில் கூம்பாக மேலே இழுக்கிறீர்கள். அப்பாயிக்கு கைபனைத் தெரியாது. ஒரு கை அள்ளி வாயில் விட்டுப் பார்த்தார்.

கையால் இறைத்து

இந்தக் கணக்கெல்லாம் தெரிந்த பிறகுதான் நான் அந்தத் தவறைச் செய்தேன். தெரியாமல் செய்ததாகச் சொல்லிக்கொள்ள எனக்கு வழியில்லை.

2011-ல் சென்னையில் வேலை நிலைத்தது. முதல் வேலையாக ஊருக்குப் பணம் அனுப்பி, கொல்லையில் நாற்பது அடிக்குக் குழாய் இறக்கி மோட்டார் போடச் சொன்னேன். அப்பா தயங்கினார். நான் அம்மாவைக் காட்டித்தான் அவர் வாயை அடைத்தேன். ஐந்து மா பரப்புள்ள கொல்லைக்கு, கோடையில் ஒரு நாளைக்கு இருநூறு குடத்துக்குக் குறையாமல் தூக்குகிறவர் அம்மா. அப்பாவும் தூக்குவார், ஆனால் அவருக்கு மரம் ஏற, சந்தைக்குப் போக, பூக் கணக்குப் பார்க்க என்று வேறு வேலைகள் இருந்தன. அம்மாவுக்கு குடம் மட்டும்தான். மோட்டார் ஓடிய முதல் வாரத்தில் அம்மா போனில், "காலையில் ஆறு மணி வரை தூங்கினேன் தம்பி" என்றார். அதைக் கேட்டபோது என் வாழ்நாளில் நான் செய்த ஒரே உருப்படியான காரியம் இதுதான் என்று தோன்றியது.

இரண்டு வருடம் கொல்லை செழித்தது. முல்லை புதிதாக நூறு செடி வைத்தார்கள். விவசாயத்துக்கு மின்சாரம் இலவசம், எப்போது நிறுத்த வேண்டும் என்று எந்த மீட்டரும் சொல்லப்போவதில்லை. 2012-ல் வடகிழக்குப் பருவமழை பொய்த்தது. டெல்டா முழுவதும் வறண்ட அந்த வருடம் மேலிருந்து நிரப்ப ஆளில்லை, கீழிருந்து இழுப்பது மட்டும் நிற்கவில்லை. 2013 கோடையில் அப்பா போனில், "தண்ணீர் லேசாகக் கரிக்கிற மாதிரி இருக்கிறது" என்றார். உங்களுக்கு டாக்டர் உப்பைக் குறைத்துவிட்டார், அதனால் நாக்கு அப்படிச் சொல்கிறது என்றேன். இரத்த அழுத்தத்துக்காக அவர் பல வருடமாக உப்பில்லாமல் சாப்பிடுகிறார். நான் சொன்னதில் உண்மை இருந்தது, அவர் நாக்கு மற்றவர்களைவிடக் கூர்மையாகியிருந்தது. அதாவது அவர் சொன்னதை நான் இன்னும் அதிகமாக நம்பியிருக்க வேண்டும். ஒரு மாதத்தில் மா இலைகளின் நுனி நெருப்பில் காட்டியதுபோலக் கருகியது. முல்லை மொட்டு பிடிக்காமல் உதிர்ந்தது.

எங்கள் கொல்லையோடு முடிந்திருந்தால் என் பணம், என் நஷ்டம் என்று விட்டிருப்பேன். வேலிக்கு அந்தப்பக்கம் அத்தையின் கொல்லை. அத்தை மோட்டார் போட்டதில்லை, போடும் வசதியும் இல்லை. குட்டையில் மொண்டு கடலைக்கும் கத்தரிக்கும் ஊற்றிக்கொண்டிருந்தவர். அவருடைய குட்டையும் கரித்துவிட்டது. அத்தை சண்டை போடவில்லை. நான் அந்த முறை ஊருக்குப் போனபோது எப்போதும்போல வீட்டுக்கு வந்து, நலம் விசாரித்து, டீ வேண்டாம் என்று சொல்லிவிட்டு, குடிநீருக்காக கொள்ளிடத்திலிருந்து வரும் பஞ்சாயத்துக் குழாயடிக்குக் குடத்தோடு போனார். வீட்டுச் சமையலுக்குக்கூட அவர் குட்டையில் மொண்டுவந்த காலம் எனக்குத் தெரியும். அவர் பேசாததைப்பற்றி என்னால் இன்றுவரை யாரிடமும் பேச முடிந்ததில்லை. அப்பா மறுநாளே மோட்டாரைக் கழற்றிவிட்டார். குழாயின் வாயில் சாக்கைச் சுற்றிக் கட்டினார். 2015-ல் பெய்த பெருமழைக்குப் பிறகுதான் இரண்டு குட்டைகளும் பழைய ருசிக்கு வந்தன. அதுவரை அம்மா மறுபடியும் குடம் தூக்கினார். இந்த முறை ஊரின் வடக்கே கரிக்காமல் இருந்த ஒரு குட்டையிலிருந்து, இரண்டு மடங்கு தூரம்.

கடற்கரை ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை என்று ஒன்று இருக்கிறது. 2011-ல் வந்த அறிவிக்கையைப் பிற்பாடு தேடிப் படித்தேன். அலை ஏறும் எல்லைக்கோட்டிலிருந்து இருநூறு முதல் ஐந்நூறு மீட்டர் வரையிலான பகுதியில், வேறு நீராதாரம் இல்லாத இடத்தில், குடிப்பதற்கும் தோட்டத்துக்கும் விவசாயத்துக்கும் மீன்வளத்துக்கும் சாதாரணக் கிணறுகளிலிருந்து கையால் இறைத்து மட்டுமே நிலத்தடி நீரை எடுக்கலாம் என்று அதில் இருந்தது. எங்கள் கொல்லை சரியாக அந்த எல்லைக்குள் வருகிறது. நான் சட்டத்தையும் மீறியிருக்கிறேன் என்பது அப்போதுதான் தெரிந்தது. மண்ணுக்கு அந்த விதி சரியானது, அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் 'கையால் இறைத்து' என்ற இரண்டு வார்த்தைகளை நான் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். யாருடைய கை என்று அறிவிக்கையில் இல்லை. எனக்குத் தெரியும்.

புயலுக்கு மறுநாள்

2018 நவம்பர் 15-ஆம் தேதி காலை ஊருக்குப் போய்ச் சேர்ந்தேன். புயல் எங்கள் பக்கம்தான் வரும் என்று வானொலியில் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அப்பாவும் அம்மாவும் தனியாக இருந்தார்கள், தம்பி அப்போது திருப்பூரில் வேலையில் இருந்தான். அன்று நள்ளிரவுக்கு மேல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையில் கஜா கரை கடந்தது. அந்த இரவைப்பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள், எங்கள் பக்கத்தில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். முதலில் வாடைப் பக்கமிருந்து அடித்தது, நடுவில் கொஞ்ச நேரம் எல்லாம் முடிந்துவிட்டதுபோல ஓய்ந்தது, பிறகு எதிர்ப்பக்கமிருந்து வந்து, முதல் காற்றில் சாய்ந்து நின்றதையெல்லாம் முறித்துப் போட்டது. தென்னை விழும்போது தரை அதிர்வது கட்டிலில் தெரிந்தது. ஒவ்வோர் அதிர்வுக்கும் அம்மா ஒரு பெயர் சொன்னார். "அது கிணற்றடிப் பிள்ளை. அது மூத்தது." தென்னம்பிள்ளை என்று எங்கள் பக்கம் சொல்வது வெறும் சொல் இல்லை.

வெளிச்சம் வந்ததும் கதவைத் தள்ளித் திறந்தேன். கண்ணுக்கு முதலில் தெரிந்தது கடல். அதுவரை எங்கள் வாசலிலிருந்து கடல் தெரிந்ததே இல்லை; சவுக்கும் தென்னையும் மறைத்திருக்கும். அவை இல்லாததால் சாம்பல் நிறத்தில் நேராக நின்றது. கொல்லைக்குள் நடக்க முடியவில்லை, மரத்தின்மேல் மரமாகக் கிடந்தன. நான் எண்ணத் தொடங்கினேன். அந்த நேரத்தில் வேறு என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. எழுபத்தோரு தென்னை இருந்தது. அடிமரத்தைத் தொட்டுத் தொட்டு எண்ணிக்கொண்டே போனேன், அறுபத்திரண்டு கிடந்தது. மா பதினான்கில் பதினொன்று வேரோடு. இருபது வருடத்துக் கணக்கு, முப்பது வருடத்துக் கணக்கு என்று மனம் பெருக்கிக்கொண்டே இருந்தது. அப்பா என் பக்கத்தில் வந்தார். நான் நின்ற இடத்தைத் தாண்டி, விழுந்த மரங்களில் கைவைத்து ஏறி இறங்கி, எதையும் பார்க்காமல் நேரே போனார். அறுபத்தாறு வயது அவருக்கு அப்போது. விழுந்துவிடப் போகிறாரே என்று பின்னாலேயே போனேன்.

குட்டைக்குப் போனார். மட்டையும் இலையும் மூடி, தண்ணீர் இருப்பதே தெரியவில்லை. கிழக்கே மணல்மேட்டில் ஒரு வாய் திறந்திருந்தது. அதன் வழியாகக் கடல் உள்ளே வந்து பனைவரிசை வரைக்கும் கரிய சேற்றை விட்டுவிட்டுப் போயிருந்தது. அந்தச் சேற்றின் விளிம்புக்கும் குட்டைக்கும் முப்பது அடிகூட இராது. அப்பா சரிவில் உட்கார்ந்தபடியே இறங்கினார். முழங்கையால் இலைகளை ஒதுக்கினார். ஒரு கை அள்ளி வாயில் வைத்து, கண்ணை மூடிக்கொண்டார். துப்பினார். சற்று உள்ளே நகர்ந்து, இன்னொரு கை. அதையும் வாயில் வைத்திருந்தார். மேலே நின்ற எனக்குப் பொறுமை இல்லை. "அறுபத்திரண்டு போய்விட்டது அப்பா" என்று கத்தினேன். அவர் வாயிலிருந்த தண்ணீரை விழுங்கினார். என் பக்கம் திரும்பி, "கரிக்கவில்லை" என்றார்.

எனக்குக் கோபம்தான் வந்தது. அதிர்ச்சியில் புத்தி பேதலித்துவிட்டதோ என்றுகூட நினைத்தேன். அவர் மேலேறி வந்து வேட்டி நுனியால் வாயைத் துடைத்துக்கொண்டு, வீட்டுப் பக்கம் பார்த்து, அம்மாவிடம் சொல்லச் சொன்னார். நான் போய்ச் சொன்னேன். அதுவரை அழாத அம்மா அப்போது அழுதார். வேலிக்கு அந்தப்பக்கமிருந்து அத்தை, "உங்களுடையது எப்படி?" என்று கேட்டார். என்ன என்று அவர் சொல்லவில்லை, அம்மாவும் கேட்கவில்லை. "நன்றாக இருக்கிறது" என்றார் அம்மா. "எங்களுடையதும்" என்றார் அத்தை. கூரையில்லாத இரண்டு வீட்டு வாசலில் நின்றுகொண்டு அவர்கள் இருவரும் பேசியது இவ்வளவுதான். அதற்குப் பிறகே யார் வீட்டில் அரிசி நனையாமல் இருக்கிறது என்ற பேச்சு வந்தது.

சில நாட்கள் கழித்துக் கணக்கெடுக்க வந்தார்கள். தென்னைக்கு மரத்துக்கு அறுநூறு ரூபாய், வெட்டி அகற்ற ஐந்நூறு, மொத்தம் 1,100 என்று அரசு அறிவித்திருந்தது. நான் எண்ணி வைத்திருந்தது அப்போது பயன்பட்டது. வந்தவர் பொறுமையான மனிதர், மா எத்தனை, சவுக்கு எத்தனை, ஓடா கூரையா என்று ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதினார். மரம் எண்ணக்கூடியது. எங்களுக்கு அடுத்த நாலுவேதபதியில் 2002-ல் ஒரே நாளில் 80,244 மரக்கன்றுகளை நட்டு கின்னஸ் புத்தகத்தில் இடம்பெற்றார்கள். இரண்டு வருடத்தில் சுனாமி வந்தபோது அந்த மரங்கள்தான் அலையின் வேகத்தைத் தடுத்தன என்று அந்த ஊரார் இன்றும் சொல்கிறார்கள். அந்த எண்ணில் எனக்கும் பெருமை உண்டு. ஆனால் கணக்கெடுத்தவரின் தாளில் தண்ணீருக்கு ஒரு பத்தி இல்லை. அப்பா அவரிடம், "குட்டை நன்றாக இருக்கிறது ஐயா, எழுதிக்கொள்ளுங்கள்" என்றார். நஷ்டத்தை மட்டும்தான் எழுத முடியும் என்று அவர் மெதுவாகச் சொன்னார். அந்தத் தையில் அப்பா நூறு தென்னம்பிள்ளை வைத்தார். அவை இன்று தலைக்கு மேல் நிற்கின்றன.

அம்மா சொன்னது

இந்தக் கதையை நான் சென்னையில் எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன் என்று கணக்கில்லை. மரத்தை எண்ணிய மகன், தண்ணீரைக் குடித்துப் பார்த்த தகப்பன். கேட்பவர்கள் நெகிழ்ந்துவிடுவார்கள். நானும் ஒவ்வொரு முறையும் நெகிழ்வேன். தம்பி குழாய்க்காரரைத் திண்ணையில் உட்காரவைத்துக்கொண்டு பேசிய அன்றும் என் மனதில் எழுந்தது அந்தக் காட்சிதான். வேண்டாம் என்று சொல்ல அதுவே போதும் என்று நினைத்தேன். ஆனாலும் வாய் வரவில்லை. வைகாசியில் இரண்டு நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு ஊருக்குப் போனேன்.

இராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு வாசலில் உட்கார்ந்து பேசினோம். உப்பு எங்கள் வட்டாரத்துக்குப் புதிதில்லை என்று நான் ஆரம்பித்தேன். அகஸ்தியம்பள்ளியில் 1930 ஏப்ரல் 30 அன்று ராஜாஜி உப்பு அள்ளிய இடம் எங்கள் ஊரிலிருந்து பஸ்ஸில் போகிற தூரம். அங்கே உப்பளத்தில் வேலை செய்கிறவர்கள் கோடைமழை வரக் கூடாது என்று வேண்டிக்கொள்வார்கள், பெய்தால் பாத்தி கரைந்துவிடும். அதே மழைக்காகத்தான் நாங்கள் மாரியம்மனுக்கு வேண்டிக்கொள்வோம். தொண்ணூறுகளில் இறால் பண்ணைகள் வந்து கடல்நீரை உள்நிலத்துக்கு ஏற்றியபோது, காந்தியவாதித் தம்பதியான கிருஷ்ணம்மாளும் ஜெகந்நாதனும் டெல்டாக் கரையில் பெண்களைத் திரட்டிப் போராடினார்கள். 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அவர்கள் பக்கம் தீர்ப்புச் சொன்னது. பண்ணைக்காரன் கொண்டுவந்த உப்பை எதிர்த்து ஊர்வலம் போகலாம். கடல் கொண்டுவந்த உப்பை அடுத்த மழை கழுவும். கீழேயிருந்து நாமே மோட்டார் போட்டு இழுக்கிற உப்பை எதிர்த்து எங்கே போய் உட்காருவது? இப்படியெல்லாம் தம்பியிடம் பேசிக்கொண்டு போனேன். கடைசியில், "புயலுக்கு மறுநாள் அப்பா தண்ணீரைக் குடித்துப் பார்த்தாரே, அது உனக்குத் தெரியாது, நீ இல்லை" என்றேன்.

அம்மா உள்ளே பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தார். அங்கேயிருந்தே சொன்னார்: "அப்பா குடித்துப் பார்த்தார். நான் தூக்கிப் பார்த்தேன்."

குரலில் கோபம் இல்லை. பாத்திரம் தேய்க்கும் சத்தமும் நிற்கவில்லை. அப்பா தலையைக் குனிந்துகொண்டார். அம்மாவின் இரண்டு முழங்காலும் தேய்ந்துவிட்டன. சரிவில் இறங்குவதற்கு இப்போது கம்பு வேண்டும். தம்பி திருப்பூரை விட்டு ஊருக்கு வந்ததே அதற்காகத்தான். அவனும் அவன் மனைவியும் இப்போது தூக்குகிறார்கள். அவன் மனைவி படித்த பெண், ஒரு கோடை முழுக்கத் தூக்கிவிட்டு, அடுத்த கோடைக்கு நான் இருப்பேனா என்று எனக்குத் தெரியவில்லை என்று அவனிடம் சொல்லியிருக்கிறாள். கூலிக்கு ஆள் கிடைப்பதில்லை, கிடைத்தால் குடத்துக்கு வருவதில்லை. இதெல்லாம் எனக்குத் தெரியாததல்ல. ஆனால் நான் சொல்லித் திரிந்த கதையில் அம்மா எங்கே இருக்கிறார் என்று அன்று இரவு தேடிப் பார்த்தேன். வாசலில் நின்று அழுத ஓரிடத்தில் மட்டும் இருந்தார். அப்பாவின் வாய்க்கு வந்த அந்த ஒரு மிடறு நல்ல தண்ணீராக இருந்ததற்கு, நாற்பது வருடம் அதை மேலாக, கலங்காமல், ஊற விட்டு ஊற விட்டு மொண்டவர் காரணம் என்பதை நான் ஒருவரிடமும் சொன்னதில்லை. நல்ல தண்ணீரைக் காப்பாற்ற வேண்டும் என்று சென்னையில் உட்கார்ந்து சொல்வது எனக்குச் சுலபம். அதைச் சொல்லும்போது நான் உண்மையில் கேட்பது இன்னொரு பெண்ணின் முழங்காலை.

மறுநாள் காலை நான்கு பேரும் குட்டையடிக்குப் போனோம். வழியை எடுத்துக்கொடுத்தது தம்பிதான். குழாய் வேண்டாம், குட்டையை இன்னும் அகலப்படுத்தி, அரைக் குதிரைத்திறன் மோட்டாரை மேட்டில் வைத்து, உறிஞ்சும் குழாயின் நுனி மிதக்கும்படி கட்டிவிட்டால் மேல் தண்ணீர் மட்டும் ஏறும் என்றான். அதைத் தெளிப்பானில் விட்டால் மணலில் வீணாகாது. காலையில் ஒரு மணி நேரம், மாலையில் ஒரு மணி நேரம். குட்டை வற்றினால் குழாய் காற்றை இழுக்கும், தண்ணீர் ஏறுவது தானாக ஓய்ந்துவிடும். ஆழத்தில் இறங்கிய குழாய் அப்படி ஓயாது. இதுவும் கையால் இறைப்பது ஆகாது என்பது எனக்குத் தெரியும், தம்பியிடமும் சொன்னேன். விதியை எழுதியவர்கள் இப்படி ஒரு நடுவழிக்கு இடம் வைக்க வேண்டும் என்று கேட்க எங்களைப் போன்ற கடலோரக் கொல்லைக்காரர்களுக்கு உரிமை இருக்கிறது என்றுதான் நினைக்கிறேன். அப்பா ஒரு பனைமுளையைச் சீவி, குட்டையின் பக்கத்தில் தண்ணீருக்குள் அடித்து இறக்கினார். அதன் தலை வெளியே தெரிந்தால் அன்றைக்கு அவ்வளவுதான் என்றார். அம்மா கம்பை ஊன்றிச் சரிவில் பாதி வரை இறங்கி நின்று அந்த முளையைப் பார்த்தார். "இன்னும் நான்கு விரல் மேலே அடியுங்கள்" என்றார். அப்பா பிடுங்கி மறுபடி அடித்தார். அத்தையையும் கூப்பிட்டுக் காட்டினோம். அவர் முளையைப் பார்த்தார், சாக்குக் கட்டிய பழைய குழாயையும் பார்த்தார், பிறகு சரி என்று தலையசைத்தார்.

நேற்று தம்பி பேசினான். குழாய்க்காரரிடம் இப்போதைக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டானாம். மோட்டார் ஓடுகிறது, தண்ணீர் கரிக்கவில்லை, கடலை பூ எடுத்திருக்கிறது. ஆனால் மழை இன்னும் தூரத்தில் இருக்கிறது, முளையின் தலை இரண்டு நாளாகச் சாயங்காலத்திலேயே தெரியத் தொடங்கிவிட்டது என்றான். "முளை தெரிந்து, செடியும் வாடினால் என்ன செய்வது என்று கேட்பேன் அண்ணே. அப்போதும் இரண்டு வாரம் எடுத்துக்கொள்ளாதீர்கள்."